பாபாசாகேபும் ஒரு தொழில் தொடங்கினார்

வாசிப்பு வட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். ஒரு தங்கை தயங்கித் தயங்கி வந்து நின்றார். பி.காம். இறுதியாண்டு படிக்கிறார். அம்மா அரைக்கும் குழம்பு மிளகாய்த்தூளைச் சின்னப் பொட்டலங்களாகப் போட்டு விடுதித் தோழிகளுக்கு விற்கிறார். இரண்டு வருடமாக அவருடைய கைச்செலவு அதில்தான் ஓடுகிறது.

“அண்ணா, காலேஜ்ல ஒரு கூட்டம் நடந்துச்சு. வேலை தேடுறவங்களா இருக்காதீங்க, வேலை கொடுக்கிறவங்களா மாறுங்கன்னு பேசினாங்க. எனக்கு ஆசையா இருக்கு. வீட்டுல கேட்டா, குரூப் ஃபோர் எழுது, கவர்ன்மெண்ட் வேலைதான் நமக்குப் பாதுகாப்புங்கிறாங்க. இயக்கத்துல ஒரு தோழர், தலித் முதலாளின்னு பேசுறதே ஏமாத்து வேலைங்கிறார். நான் என்னதான் பண்றது?”

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தத் தூளை யார் வாங்குவார்கள், சரக்கு போட யார் பணம் தருவார்கள், விற்காமல் போனால் வீட்டில் யார் சோறு போடுவார்கள் என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. “உனக்குத் துணிச்சல் இருக்கிறதா?” என்று மட்டும்தான் எல்லோரும் கேட்கிறார்கள். துணிச்சலுக்கு நம் மக்களிடம் என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. நம் வரலாற்றைப் புரட்டினால் தொழில் தொடங்கியவர்கள் நிறையப் பேர் தெரிகிறார்கள். அவர்களில் நான்கு பேரின், நான்கு ஊர்களின் கதையை அன்று அந்தத் தங்கைக்குச் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பம்பாய், 1918

முதல் ஆள் பாபாசாகேப் அம்பேத்கர்தான்.

1917 ஆகஸ்டில் அவர் வெளிநாட்டிலிருந்து பம்பாய் திரும்பினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றவர், லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் சேர்ந்திருந்தார். பரோடா அரசின் உதவித்தொகையில் படித்ததால் அங்கே வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பரோடாவுக்குப் போனார். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளை அவர் கையில் கொடுக்காமல் மேசையில் வீசினார்கள். தங்குவதற்கு இடம் கிடைக்கவில்லை. சாதியை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. ஒரு பொதுப் பூங்காவில் துயரத்தோடு உட்கார்ந்திருந்ததை ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற நினைவுக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார்.

இதுவரை நம் தோழர்கள் பலருக்குத் தெரியும். இதற்கு அடுத்து நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை.

பம்பாய்க்குத் திரும்பியவருக்கு வருமானம் இல்லை, குடும்பம் இருக்கிறது. மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். கூடவே பங்குச் சந்தையில் முதலீடு செய்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். அன்றைய பம்பாயில் இந்தத் தொழிலுக்கு அவரைவிடத் தகுதியான ஆள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பணம், நிதி, பொருளாதாரம்தான் அவர் படித்த படிப்பு. பின்னாளில் ‘ரூபாயின் சிக்கல்’ என்ற நூலை எழுதிய மூளை அது. வாடிக்கையாளர்களும் வரத்தான் செய்தார்கள். நிறுவனத்தை நடத்துபவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வரத்து நின்றது. நிறுவனம் மூடப்பட்டது.

ஆலோசனையில் தவறு இருந்ததாக யாரும் சொல்லவில்லை. எந்தச் சாதிக்காரன் வாயிலிருந்து ஆலோசனை வருகிறது என்று பார்த்துச் சந்தை முடிவு செய்தது. திறமை இருந்தால் சந்தை சாதி பார்க்காது என்று உங்களிடம் யாராவது சொன்னால், இந்த மூடிய கடையைக் காட்டுங்கள்.

1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 450 ரூபாய். அங்கேயும் ஆசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையை அவர் தொடக் கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. அது அரசுக் கல்லூரி. பானையை எதிர்த்தவர்களால் அவருடைய சம்பளத்தை நிறுத்த முடியவில்லை. வாடிக்கையாளர் காலையில் வராமல் போனால் மாலையில் வருமானம் இல்லை. சம்பளம் அப்படி ஆடுவதில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் ‘கவர்ன்மெண்ட் வேலை’ என்று பிடிவாதம் பிடிப்பதை பயம் என்று ஒதுக்காதீர்கள். பல தலைமுறை பட்ட அனுபவத்திலிருந்து அவர்கள் பேசுகிறார்கள்.

அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சாகு மகாராஜாவின் உதவியையும் நண்பர் நவல் பத்தேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய் கடனையும் சேர்த்துக்கொண்டு 1920-இல் மறுபடி லண்டன் போனார். வழக்கறிஞராகத் திரும்பி 1923-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். வழக்கறிஞர் தொழிலும் சொந்தத் தொழில்தானே? அங்கேயும் ஆரம்பத்தில் வழக்கு வருவது குதிரைக்கொம்பாக இருந்தது. இந்த முறை அவர் முழுக்க முழுக்க வாடிக்கையாளரை நம்பி உட்காரவில்லை. 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதிநேரமாக வணிகச் சட்டம் கற்பித்தார். ஒரு கையில் சொந்தத் தொழில், மறு கையில் நிலையான ஒரு வருமானம். மகாத் போராட்டம் நடந்த 1927-ஆம் ஆண்டு இந்தக் காலத்துக்குள்தான் வருகிறது.

கோலாப்பூரில் ஒரு தேநீர்க் கடை

இரண்டாவது கதை ஒரு தேநீர்க் கடையைப் பற்றியது.

கோலாப்பூர் அரண்மனையின் குதிரை லாயத்தில் கங்காராம் காம்ப்ளே என்ற தலித் ஊழியர் வேலை பார்த்தார். சாதி இந்துக்களுக்கான தண்ணீர்த் தொட்டியைத் தொட்டார் என்று சக ஊழியர்கள் அவரை அடித்தார்கள். ஊர் திரும்பிய சாகு மகாராஜா இதை அறிந்து, அடித்தவர்களைத் தண்டித்தார். கங்காராமுக்குச் சொந்தமாகத் தொழில் செய்ய உதவினார். கோலாப்பூர் நகரத்தில் ‘சத்யசுதாரக்’ என்ற பெயரில் கங்காராம் தேநீர்க் கடை போட்டார்.

கடை சுத்தமாக இருந்தது, தேநீர் நன்றாக இருந்தது. சாதி இந்துக்கள் யாரும் வரவில்லை. தீண்டத்தகாதவன் கை பட்ட தேநீரை யார் குடிப்பார்கள்?

சாகு மகாராஜா என்ன செய்தார் தெரியுமா? தன் வண்டியைக் கடை வாசலில் நிறுத்தச் சொன்னார். கங்காராமைக் கூப்பிட்டுத் தேநீர் வாங்கிக் குடித்தார். கூட வந்த அதிகாரிகளையும் பிரமுகர்களையும் குடிக்க வைத்தார். அரசரே குடிக்கும்போது கூட வந்தவர் மறுக்க முடியுமா?

இந்தக் கதையை அரசரின் பெருந்தன்மைக்குச் சான்றாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். தொழில் தொடங்க நினைப்பவர் இதை வேறு விதமாகப் படிக்க வேண்டும். கங்காராமுக்கு முதல் கிடைத்தது. நகரத்தின் நடுவே இடம் கிடைத்தது. உழைப்பு அவரிடமே இருந்தது. தொழில் பற்றிய பாடப்புத்தகங்கள் கேட்கும் மூன்றும் இருந்தும் கடை ஓடவில்லை. வாடிக்கையாளரைக் கொண்டுவர அதிகாரம் தெருவில் இறங்கி நிற்க வேண்டியிருந்தது. கடன் கொடுப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடாது, கொள்முதலும் செய்ய வேண்டும் என்று இன்று நாம் கேட்கிறோமே, அந்தக் கோரிக்கையின் முதல் காட்சி கங்காராமின் கடை வாசலில் நடந்தது.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். 1902 சூலை 26 அன்று தன் அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 50% இடம் ஒதுக்கி ஆணையிட்டவரும் இதே சாகுதான். இட ஒதுக்கீட்டைக் கொடுத்த கைதான் தேநீர்க் கடைக்கும் உதவியது. “கடை வைத்துப் பிழைத்துக்கொள், வேலையில் பங்கு கேட்காதே” என்று அவர் சொல்லவில்லை. இன்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆக்ரா: கை நம்முடையது, விலை அவர்களுடையது

சரி, வாடிக்கையாளர் சாதி பார்க்காத பொருளைச் செய்தால்? செருப்பை எடுத்துக்கொள்வோம். செருப்பைப் போடுகிறவர் அதைத் தைத்தது யார் என்று கேட்பதில்லை. மற்றவர்கள் தொடத் தயங்கிய தொழில் என்பதால் போட்டியும் குறைவு.

ஆக்ராவின் ஜாடவ் மக்கள் இந்த வழியில் நடந்தவர்கள். தோல் வேலையை இழிவு என்று அவர்கள் மேல் சுமத்தியது சாதி. நவீன காலணித் தொழில் வளர்ந்தபோது அதே கைத்திறனை அவர்கள் மூலதனமாக மாற்றினார்கள். வீடுகளில் பட்டறைகள் எழுந்தன. சிலர் பெரிய ஆலை முதலாளிகளாகவும் ஆனார்கள். அந்தப் பணம் பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் போனது. ஊர் நிலத்தில் கூலிக்கு நின்றவர்களால் பேச முடியாததை, சொந்தப் பட்டறை வைத்திருந்தவர்களால் பேச முடிந்தது. பின்னாளில் ஆக்ரா அம்பேத்கரிய அரசியலின் கோட்டையாக இருந்ததற்கு இந்தப் பொருளாதாரமும் ஒரு காரணம். அமெரிக்க மானுடவியலாளர் ஓவன் லிஞ்ச் இம்மக்களிடையே ஆய்வு செய்து 1969-இல் ஒரு நூலே எழுதினார்.

இது வெற்றிக் கதைதான். ஆனால் முழுக் கதை இதில்லை. செய்த செருப்பைக் கூடையில் சுமந்துகொண்டு சிறு பட்டறைக்காரர்கள் ஹிங் கி மண்டி என்ற மொத்தச் சந்தைக்குப் போவார்கள். அங்கே மொத்த வியாபாரி ரொக்கம் தர மாட்டார். ‘பர்ச்சி’ என்ற சீட்டைக் கொடுப்பார். சில வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் அதைப் பணமாக்க முடியும். நாளைக்குத் தோல் வாங்க வேண்டும், இன்றைக்கு அரிசி வாங்க வேண்டும். அதுவரை யார் காத்திருப்பது? அந்தச் சீட்டை வட்டிக்காரரிடம் குறைந்த விலைக்கு விற்றுவிட்டுக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். லாபம் அங்கேயே கரைந்தது.

1947 பிரிவினையில் முஸ்லிம் வணிகர்கள் பலர் பாகிஸ்தானுக்குப் போனார்கள். அந்த இடம் காலியானபோது ஜாடவ் மக்கள் அதைப் பிடித்திருக்கலாமே என்று தோன்றும். பஞ்சாபிலிருந்து அகதிகளாக வந்த வணிகச் சாதியினர்தான் மொத்த வியாபாரத்தில் பெருமளவு நுழைந்தார்கள். அகதிகளாக வந்தாலும் அவர்களிடம் வணிகத் தொடர்பு இருந்தது, கடன் கொடுக்கும் சொந்தக்காரர் இருந்தார். செருப்பு செய்யத் தெரிந்தவர்களிடம் அது இல்லை.

பொருளைச் செய்வது ஒரு தொழில் என்றால், பணம் வரும்வரை காத்திருக்க முடிவது இன்னொரு தொழில். ஆக்ரா மக்கள் முதலாவதில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. இரண்டாவதில்தான் சாதி அவர்களை மடக்கியது. ‘நீ தொழில்முனைவோர்’ என்று பெயர் சூட்டிவிட்டு, நடைமுறையில் சீட்டுக்குக் கூலி வேலை செய்ய வைக்கும் ஏற்பாடு இன்றும் பல வடிவங்களில் இருக்கிறது.

ரங்கூன்: ஊரை விட்டுப் போன பணம்

நான்காவது கதை நம்முடையது. சென்னையிலிருந்து கடல் தாண்டிப் போனது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மாவின் ரங்கூன் வேகமாக வளர்ந்த துறைமுகம். அரிசி ஏற்றுமதிக்குக் கப்பல்கள் வரிசையில் நின்றன. தமிழ், தெலுங்குப் பகுதிகளிலிருந்து உழைப்பாளிகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அங்கே கப்பல் சரக்கை ஏற்றி இறக்கும் ஒப்பந்தத் தொழிலில் வளர்ந்து பெருஞ்செல்வர் ஆனவர் பெ. மா. மதுரைப் பிள்ளை. 1858-இல் சென்னையில் பிறந்த தலித். தமிழ்ப் புலவர்களையும் கல்விப் பணிகளையும் ஆதரித்த கொடையாளி. 1913-இல் காலமானார்.

அவர் எப்படி வளர்ந்தார் என்று பார்த்தால், இடம்தான் கண்ணில் படுகிறது. துறைமுகம் புதிது. ‘இது எங்கள் பரம்பரைத் தொழில்’ என்று சொல்ல அங்கே எந்த ஊர்க் கட்டுப்பாடும் இல்லை. சரக்கு நேரத்தில் இறங்க வேண்டும் என்பதுதான் கப்பல் கம்பெனியின் கவலை. சேரிக்காரன் செருப்புப் போட்டு நடந்தாலே அடி விழுந்த கிராமத்தில் எவ்வளவு திறமை இருந்தாலும் அவர் அந்த உயரத்தைத் தொட்டிருக்க முடியாது.

அந்தப் பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ரங்கூனில் பிறந்து வளர்ந்த அவருடைய பேத்திதான் மீனாம்பாள் சிவராஜ். சென்னைக்கு வந்து பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் முன்னணித் தலைவர்களில் ஒருவரானார். அவருடைய கணவர் ந. சிவராஜ், 1942-இல் நாக்பூரில் அகில இந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு உருவான மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். ஒரு தலைமுறையின் சம்பாத்தியம் அடுத்த தலைமுறைகளின் கல்வியாகி, பிறகு இயக்கமானது.

தொழில் செய்வதே துரோகம் என்று சொல்லும் தோழர் இந்தக் குடும்பத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தோழர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது

ஆனால் தோழரின் எச்சரிக்கையைத் தள்ளிவிட முடியாது. அதற்கும் பாபாசாகேபே சாட்சி.

1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில், உழைக்கும் மக்களுக்கு இரண்டு எதிரிகள் உண்டு, ஒன்று பார்ப்பனியம், மற்றொன்று முதலாளித்துவம் என்று அவர் பேசினார். அன்று பம்பாய் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில் தலித்துகளைச் சேர்ப்பதில்லை. அறுந்த நூலை வாயால் உறிஞ்சி நாடாவில் கோக்க வேண்டியிருந்ததால், தீட்டு என்று மற்றத் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். அதிகக் கூலி கிடைக்கும் பிரிவு அது. முதலாளிக்கும் அந்த ஏற்பாட்டால் நட்டமில்லை. சந்தை வந்தால் சாதி தானாகக் கரையும் என்ற வாதத்தை அவர் நம்பாததற்கு இப்படிப்பட்ட அனுபவங்கள் காரணம்.

1947-இல் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற ஆவணத்தில் அடிப்படைத் தொழில்களும் காப்பீடும் விவசாயமும் அரசின் உடைமையாக இருக்க வேண்டும் என்றார். எல்லாத் தனியார் தொழிலையும் மூடச் சொல்லவில்லை. மக்களின் உயிர்நாடியான துறைகள் சிலர் கையில் சிக்கக் கூடாது என்றார்.

இன்று நாம் கேட்கும் முழக்கத்துக்கு வருவோம். 2002 சனவரியில் போபால் மாநாட்டில் தலித் அறிஞர்கள் கூடி வெளியிட்ட பிரகடனம், அரசுக் கொள்முதலிலும் ஒப்பந்தங்களிலும் பங்கு கேட்டது. அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு இருந்த ஏற்பாடுகளைப் பார்த்து எழுந்த கோரிக்கை அது. 2005-இல் புனேயில் மிலிந்த் காம்ப்ளே தலித் இந்திய வணிக, தொழில் கூட்டமைப்பைத் தொடங்கினார். ‘வேலை கொடுப்பவராக இரு’ என்ற முழக்கம் அங்கிருந்துதான் பரவியது. 2012-இல் மத்திய அரசு, பொதுத்துறை நிறுவனங்கள் தம் ஆண்டுக் கொள்முதலில் 4% பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2016-இல் ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் வந்தது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவருக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் தர வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 1974 முதல் தாட்கோ இருக்கிறது. 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35% மூலதன மானியம் உண்டு.

இவை எல்லாம் போராடிப் பெற்றவை. பயன்படுத்துவதில் கூச்சம் வேண்டாம். ஆனால் கணக்கையும் பாருங்கள். 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பை ஆராய்ந்தவர்கள், மக்கள்தொகையில் சுமார் 16% இருந்த பட்டியல் சாதியினர் கையில் 9.8% நிறுவனங்களே இருந்தன என்று காட்டினார்கள். அவற்றிலும் பெரும்பாலானவை மிகச் சிறியவை. 4% கொள்முதல் என்ற இலக்கும் நடைமுறையில் எட்டப்படவில்லை. கங்காராமுக்குக் கடை வைக்க உதவியதோடு சாகு நின்றுவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, அதுதான் இன்று பல இடங்களில் நடக்கிறது.

அடமானம் என்ற தடையும் இருக்கிறது. திட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் வங்கி மேலாளர் பெரும்பாலும் கேட்பது சொத்துப் பத்திரம். நம்மிடம் நிலம் ஏன் இல்லை? செங்கல்பட்டு ஆட்சியர் திரெமன்கீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆக, பஞ்சமி நில மீட்பு என்பது விவசாயிகளின் கோரிக்கை மட்டும் இல்லை. தொழில் தொடங்க நினைக்கும் பட்டதாரியின் கோரிக்கையும் அதுதான்.

மிளகாய்த்தூளுக்குத் திரும்புவோம்

அந்தத் தங்கையிடம் ‘செய்’ என்றோ ‘செய்யாதே’ என்றோ நான் சொல்லவில்லை. இந்த நான்கு கதைகளிலிருந்து அவர் தன் கணக்கைப் போட வேண்டும் என்று சொன்னேன்.

பம்பாயும் கோலாப்பூரும் வாடிக்கையாளர் யார் என்று கேட்கச் சொல்கின்றன. உணவுப் பொருள் என்பதால் இது இன்னும் கூர்மையான கேள்வி. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. பள்ளிக்கூடத்துச் சோற்றுக்கே இந்த நிலை என்றால், சொந்த ஊர்த் தெருவில் உங்கள் வீட்டுத் தூளை யார் வாங்குவார்கள்? விடுதித் தோழிகள் வாங்கினார்கள், ஏனென்றால் அது நகரம், உங்களைத் தெரிந்தவர்கள். அடுத்த நூறு பேர் எங்கே இருக்கிறார்கள்? அவர்களுக்கு உங்கள் ஊர்ப் பெயர் தெரிந்தால் என்ன ஆகும்? பெயரை மறைத்து விற்பதா, பெயரோடு நின்று விற்பதா என்பதையும் முன்பே யோசித்துவிடுங்கள். பார்சி விடுதியில் பெயரை மறைத்த பாபாசாகேபைப் பார்த்து யாரும் கேவலம் என்று சொல்ல முடியாது. ஆனால் மறைத்த பெயர் பத்து நாள்தான் தாங்கியது.

ஆக்ரா, பணம் கைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்கச் சொல்கிறது. கடைக்காரர் சரக்கை வாங்கிக்கொண்டு இரண்டு மாதம் கழித்துப் பணம் தந்தால், அதுவரை மிளகாய் வாங்க, அரவை மில்லுக்குக் கொடுக்க எங்கே பணம்? அம்மாவின் தோட்டை அடகு வைத்துத்தான் என்றால் இப்போது வேண்டாம். தனியாகப் போவதைவிட, சுய உதவிக் குழுவாகவோ கூட்டுறவாகவோ சேர்ந்து போனால் காத்திருக்கும் பலம் கூடும்.

ரங்கூன், இடத்தை மாற்றிப் பார்க்கச் சொல்கிறது. பழைய தொழிலில் பழைய சாதிகள் உட்கார்ந்திருக்கும். புதிய தொழில், புதிய ஊர், நிறுவனங்களுக்கு நேரடியாகச் சரக்கு கொடுப்பது போன்ற வழிகளில் மூச்சு விட இடம் இருக்கலாம்.

பாட்லிபாய் வகுப்பறை, நிலையான ஒரு வருமானத்தை விட்டுவிடாதே என்கிறது. குரூப் ஃபோர் எழுதுவதும் தூள் விற்பதும் ஒன்றை ஒன்று அழிக்க வேண்டியதில்லை. வீட்டில் வேறு ஒருவருக்குச் சம்பளம் வருகிறதா, இரண்டு வருடம் லாபம் இல்லாமல் தாக்குப் பிடிக்க முடியுமா என்று அம்மாவோடு உட்கார்ந்து தாளில் எழுதிப் பாருங்கள்.

மன்மாட் கேட்பது கடைசிக் கேள்வி. நாளைக்கு நீங்கள் நான்கு பெண்களை வேலைக்கு வைத்தால் அவர்களுக்கு என்ன கூலி? மிளகாய் நெடியில் எட்டு மணி நேரம் நிற்கும் அக்காவுக்கு முகத்துக்குத் துணியும் வார விடுப்பும் உண்டா? நாமும் அதே பழைய முதலாளியாக ஆவதற்கு நாம் தொழில் தொடங்கத் தேவையில்லை.

இந்தக் கணக்கில் ‘இப்போது வேண்டாம்’ என்று விடை வந்தால் தலை குனியாதீர்கள். அது கோழைத்தனம் ஆகாது. ‘சரி, செய்வோம்’ என்று வந்தால் இயக்கத்தின் முன் குற்ற உணர்ச்சியோடு நிற்க வேண்டாம். தொடங்கி, ஒருவேளை மூட வேண்டி வந்தால், தயவுசெய்து உங்களையே பழி சொல்லிக்கொள்ளாதீர்கள். கடை எங்கே தவறியது, வாடிக்கையாளரிடமா, வட்டியிலா, வங்கியிலா என்று எழுதி வைத்து எங்களிடம் கொண்டுவாருங்கள். தனி ஒருவரின் தோல்வி என்று நினைத்து நாம் மறைத்தவை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் சாதியின் கணக்குப் புத்தகமாக இருக்கும். அதை வைத்துத்தான் கொள்முதலில் பங்கு, கடனில் பங்கு, நிலத்தில் பங்கு என்று கேட்க முடியும்.

பாபாசாகேபின் ஆலோசனை நிறுவனம் மூடப்பட்டது. அந்த மனிதரின் அறிவு குறைந்துவிடவில்லை. அதற்கு அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார்.

அந்தத் தங்கை அடுத்த வாரமும் வந்தார். கையில் ஒரு நோட்டு. முதல் பக்கத்தில் ‘யார் வாங்குவார்கள்?’ என்று எழுதி, கீழே பதினெட்டுப் பெயர்கள் எழுதியிருந்தார். அதில் என் பெயரும் இருந்தது. அரைக் கிலோ தூள் வாங்கிக்கொண்டேன். கடன் சொல்லாமல், ரொக்கம் கொடுத்து.

ஜெய் பீம்.